பிரிட்ஜுக்கு மேல் இருந்த போன்

எங்கள் வீட்டில் போனுக்குச் சொந்தக்காரர் என்று எவரும் இல்லை. வாங்கியது நான், நம்பரும் என் பெயரில்தான் இருக்கிறது. இருந்தும் வேலை விட்டுக் கந்தோரால் வந்து கைப்பையை இறக்கியதும் அதைக் குசினிக்குள் பிரிட்ஜுக்கு மேல் வைத்துவிட வேண்டும். சத்தம் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவர் எடுப்பார். குரல் செய்தி என்றால் முழுச் சத்தத்தில் போடுவார். என் வீட்டுக்காரர் உள்துறைமுகப் பக்கம் வள்ள எஞ்சின் திருத்துகிறவர். எஞ்சினுக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்து காது மந்தமாகிவிட்டது. மெல்லக் கதைத்தால் ஏறாது. அவருக்காகக் கூட்டிய சத்தம் மதிலைத் தாண்டி ஒழுங்கை வரைக்கும் போகும்.

மதிலுக்கு அந்தப் பக்கம் அவருடைய தமக்கை, என் மச்சாள், இருக்கிறார். பின்னேரத் தேத்தண்ணிக்கு மச்சாள் வந்து குசினிக் கதிரையில் இருந்தால், பின்னாலேயே முன்வீட்டு அக்காவும் வந்துவிடுவார். கொழும்பில் கட்டிக்கொடுத்த என் மகளின் குரல் அந்த நேரம்தான் வரும். ஒரே பிள்ளை. "அம்மா, சாப்பிட்டீங்களோ? இஞ்ச நல்ல மழை. எல்லாரையும் கேட்டதாச் சொல்லுங்கோ." அவ்வளவுதான். மச்சாள் இரண்டாம் முறையும் போடச் சொல்லுவார். பிள்ளைக்குத் தடிமன் போல கிடக்கு, மூக்கடைச்சுக் கதைக்கிறாள் என்பார் முன்வீட்டு அக்கா. உடனே மச்சாள் போனை வாங்கி, மல்லி அவித்துக் குடிக்கச் சொல்லி அதற்குள் கத்துவார். பெற்றவளுக்கு ஒரு சொல் கதைக்கக் கிடைத்தால் பெரிய காரியம்.

எனக்கு எரிச்சல் வரும். வந்ததை வாய்க்குள் வைத்திருக்கிற பழக்கமும் எனக்கு இல்லை. "என்ட பிள்ளையோட நான் எப்ப கதைக்கிறது?" என்று கேட்டிருக்கிறேன். "ஏன், நாங்க உன்ட வாயைப் பொத்திக்கொண்டோ இருக்கிறம்?" என்று மச்சாள் திருப்பித் தருவார். மறுநாளும் அதே கதிரை, அதே சத்தம்.

மருமகன் கலியாணத்துக்குப் பிறகு முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தபோது ஒரு விசயம் சொன்னார். "எங்களுக்குள்ள ஒளிப்பு மறைப்பு ஒண்டும் இல்ல மாமி. ரெண்டு பேற்ற போனுக்கும் ஒரே பாஸ்வேர்ட். இவவுக்கு வாற மெசேஜ் எல்லாம் என்ட லப்டொப்பிலயும் தெரியும். வசதிதானே." மச்சாள் மூக்கில் விரல் வைத்தார். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பிள்ளையா என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தார். நானும் கந்தோரில் பெருமையாகச் சொன்னேன். மகள் இடியப்பத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு நின்றாள், வாய் திறக்கவில்லை. அவள் சின்ன வயதிலிருந்தே அதிகம் கதைக்காத பிள்ளை, அதனால் நானும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

இந்த வருசம் மழை தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாள், ஓர்ஸ் ஹில்லில் இருக்கிற எங்கள் கந்தோர் லேண்ட்லைனுக்கு மகள் கோல் எடுத்தாள். அந்தப் போன் தலைமை லிகிதரின் மேசையில் இருக்கிறது. யாருக்குக் கோல் வந்தாலும் சுற்றியிருக்கிற அத்தனை பேரும் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டுவார்கள்.

"அம்மா, பக்கத்தில ஆரும் நிக்கினமோ?"

கந்தோர் முழுக்க நின்றது. "இல்லை" என்றேன்.

அது பொய் என்று அவளுக்குத் தெரியும், அவள் என் மகள். "அப்ப நீங்க ஓம், இல்லை எண்டு மட்டும் சொல்லுங்கோ. நான் மேல்வீட்டு அக்காட போனில இருந்து எடுக்கிறன். உடுப்புக் காயப்போட மொட்டைமாடிக்கு வந்தனான்."

பிறகு மூச்சு விடாமல் சொன்னாள். நாங்கள் எல்லாரும் பாவிக்கிற அந்தப் பச்சை ஆப்பில் அவள் அனுப்புவதையும் நாங்கள் அனுப்புவதையும் மருமகன் வேலையிடத்தில் இருந்துகொண்டே லப்டொப்பில் கேட்கிறாராம். இரவு வந்து திரும்பவும் போட்டுக் காட்டி, இந்த இடத்தில் ஏன் இழுத்தாய், இந்த இடத்தில் ஏன் சிரித்தாய் என்று விசாரிக்கிறாராம். அவளை வேலையை விட வைத்ததும் அவர்தானாம். சேர்டிபிக்கேட், அடையாள அட்டை எல்லாம் அவருடைய பூட்டிய அலுமாரியில் இருக்கிறது, திறப்பு அவரிடம். அடிக்கிறவரோ என்று கேட்க எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. தலைமை லிகிதர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு இனி ஏலாது அம்மா. நான் வரப்போறன். ஆனா அவருக்குத் தெரியாம வெளிக்கிட வேணும். தெரிஞ்சா நல்ல பிள்ளை மாதிரி வந்து நிண்டு கதைப்பார். நீங்க எல்லாரும் அவரைத்தான் நம்புவீங்க. பேந்து எனக்குப் போக இடமில்ல."

"ஓம்" என்றேன்.

"நீல ஆப் ஒண்டு இருக்கு, இறக்குங்கோ. எழுதினது கொஞ்ச நேரத்தில அழிஞ்சிடும். இந்த நம்பருக்கு எழுதுங்கோ, இது அக்காட நம்பர். அப்பாவுக்குச் சொல்ல வேணாம். அப்பா உடன அவருக்கு எடுத்து, என்ன மருமகன் பிரச்சினை எண்டு கேட்பார்."

கேட்பார்தான். என் வீட்டுக்காரருக்கு வாயில் ஒன்றும் நிற்காது. போனை வைத்ததும், "என்ன, மகளோ? விசேசமோ?" என்று தலைமை லிகிதர் சிரித்தார். "பல்லுவலியாம்" என்று சொல்லிவிட்டு என் மேசைக்கு வந்தேன்.

நீல ஆப்பைக் கந்தோர்க் கழிப்பறைக்குள் நின்றுதான் இறக்கினேன். அது கேள்விமேல் கேள்வி கேட்டது. உங்கள் போனில் இருக்கிற நம்பர்களைப் பார்க்கலாமா? ஓம். அறிவிப்பு அனுப்பலாமா? ஓம். பந்தியில் இலைக்கு முன்னால் இருக்கிறவள் மாதிரி எது வந்தாலும் ஓம் ஓம் என்று அழுத்தினேன். வெளியில் யாரோ கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

பச்சை ஆப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பக்கத்துச் சல்லிக் கிராமத்தில் இருந்து மீன் கொண்டு வருகிறவர் விடியவே பெட்டியைப் படமெடுத்து அதில் போடுவார். பாரை வேண்டும் என்று ஒரு சொல் எழுதினால், நான் கந்தோருக்கு வெளிக்கிட முன்னம் வாசல் படலையில் பை தொங்கும். காஸ் வந்தால் கடைக்காரர் அதில்தான் சொல்லுவார். கரண்ட் நிற்கிற நேரம், கோயில் அபிசேகம், கந்தோர்ச் சுற்றறிக்கை எல்லாம் அதற்குள்தான். சந்தையில் நிற்கிற மாதிரி இருக்கும், சத்தம், ஆனால் கேட்டது கிடைக்கும். நீலத்தில் எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆள். அந்த ஒரு ஆளும் எப்போது வருவாள் என்று தெரியாது.

மத்தியானத்தில் அவள் மாடிக்கு உடுப்புக் கொண்டு போகிற நேரம் நீலத்தில் ஏதாவது வரும். 'அவர் குளிக்கேக்க அலுமாரி திறந்தனான். ரெண்டு சேர்டிபிக்கேட் எடுத்து அக்காட்டக் குடுத்திட்டன்.' ஒரு சனிக்கிழமை நான் அடுப்படியில் நிற்கும்போது வந்தது. கண்ணாடியைத் தேடி எடுத்து வாசித்தேன். சோற்றை வடித்துவிட்டுத் திரும்ப வாசிக்க வந்தால் அங்கே ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளை. என் பிள்ளை எழுதியதை அழிக்க இந்த ஆப் யார் என்று போனைச் சுவரில் அடிக்க வேண்டும் போல இருந்தது. அழிந்தால்தான் அவளுக்கு நல்லது என்று எனக்கு விளங்கும். விளங்கியும் கோபம் அடங்கவில்லை.

அந்த மேல்வீட்டு அக்கா எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கிண்ணியாப் பிள்ளை. கலியாணம் முடித்துக் கொழும்புக்குப் போனவராம். ஊர்ப் பேச்சைக் கேட்டதும் மகளோடு ஒட்டிக்கொண்டாராம். இதெல்லாம் துண்டு துண்டாக வாசித்து அறிந்ததுதான். முகம் பார்க்காத ஒரு முஸ்லிம் பிள்ளையின் போனை நம்பி, சொந்த வீட்டுக் குசினியில் இருக்கிறவர்களுக்கு நான் ஒளித்தேன்.

ஒளிக்கிறது அவ்வளவு லேசா? போனைப் பிரிட்ஜுக்கு மேல் வைக்க ஏலாது. இடுப்பில் செருகிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன், கோயிலுக்குப் போனேன். அதிர்ந்தாலும் துள்ளினேன், அதிராவிட்டாலும் எடுத்து எடுத்துப் பார்த்தேன். இருந்தால் நிற்க வேண்டும் போல இருக்கும், நின்றால் நடக்க வேண்டும் போல இருக்கும். கறிக்கு இரண்டு முறை உப்புப் போட்டேன்.

"என்ன பிள்ளை, போனை முந்தானைக்குள்ள முடிஞ்சுகொண்டு திரியிறாய்?" என்றார் மச்சாள். "இந்த வயசில உனக்கு ஆர் லெட்டர் எழுதுறது?"

"விடக்கா, அவவுக்கு மந்திரிமார் மெசேஜ் போடீனம்" என்றார் இவர். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "ஓம், ஜனாதிபதியும் போட்டவர், வாசிச்சுக் காட்டவோ?" என்று கத்திவிட்டுப் பாத்திரத்தைப் போட்டு உருட்டினேன். மச்சாளின் சிரிப்பு அதோடு நின்றது. அவருடைய வாய்க்குத்தான் நான் மிகவும் பயந்தேன். அவருக்குத் தெரிந்தால் விடிவதற்குள் ஊருக்குத் தெரியும் என்பது என் எண்ணம்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. கந்தோரால் மேட்டில் இருந்து இறங்கி வருகிறேன், நீலத்தின் சத்தம் கேட்டது. இந்த நேரத்தில் மகளா என்று பறந்தடித்து எடுத்தேன். மருமகன் எழுதியிருந்தார்.

'மாமி! நீங்களும் இதுக்கு வந்திட்டீங்களோ? இப்பதான் கண்டனான். நல்லது. ஆரோட கதைக்க?' பக்கத்தில் சிரிக்கிற முகம் ஒன்று.

நடுரோட்டில் நின்றுவிட்டேன். ஓட்டோக்காரர் ஒருவர் ஹோர்ன் அடித்து ஏசிவிட்டுப் போனார். மருமகனும் வேலை அலுவலுக்கு இந்த ஆப்பை வைத்திருந்தார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? கழிப்பறைக்குள் நின்று நான் அழுத்திய ஓம்களில் ஒன்று, என் நம்பர் யார் யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்கெல்லாம் நான் வந்துவிட்டேன் என்று அறிவித்திருக்கிறது. இரகசியம் கதைக்கவென்று செய்த ஆப் வாசலில் நின்று தண்டோரா போட்டிருக்கிறது. அட பாவிகளா! மதிலைத் தாண்டிக் கேட்கிற மச்சாளுக்கு ஒளித்து ஒளித்து, கேட்கவே கூடாத ஆளுக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

'கந்தோரில எல்லாரையும் போடச் சொல்லிட்டினம் மருமகன்' என்று எழுதினேன். 'ஓ, அப்பிடியோ. சேஃப்தானே மாமி' என்று வந்தது. போனை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அன்று பின்னேரம் பச்சையில் மகளின் குரல் வந்தது. சந்தேகம் வரக்கூடாது என்று போனைப் பழையபடி பிரிட்ஜுக்கு மேல் வைத்திருந்தேன். "அம்மா, கந்தோரில புது ஆப் போடச் சொன்னவையாமே? இவர் சொன்னவர்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பக்கத்தில் ஒருவர் நின்று சிரிக்கச் சொன்னால் எப்படிச் சிரிப்பார்கள், அப்படி ஒரு சிரிப்பு. மச்சாள் வழக்கம்போலத் திரும்பப் போடச் சொன்னார். கேட்டு முடிந்ததும் தடிமன், மழை என்று ஒன்றும் சொல்லவில்லை. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஒருமாதிரிப் பார்த்தார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நீலத்தில் ஒன்றும் வரவில்லை. நான் எழுதினேன், அது அழிந்தது. திரும்ப எழுதினேன், அதுவும் அழிந்தது. யாராவது வாசித்தார்களா, வாசிக்க முதலே போய்விட்டதா, தெரியாது. பச்சையிலோ ஒரு குறையும் இல்லை. சாப்பிட்டன் அம்மா, மழை விட்டிட்டுது அம்மா. கந்தோர் விட்டதும் வீட்டுக்குப் போகாமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நிற்பேன். கொழும்பு பஸ் ஆட்களை ஏற்றும். ஊருக்குள் திரிகிற மான்கள் வந்து, ஆட்கள் எறிந்த சோற்றுப் பார்சல் பேப்பரை நக்கும். ஏறிப் போய்விடுவோமா என்று கால் உன்னும். போய் நின்றால் மருமகன் இனிக்க இனிக்க வரவேற்பார், மகள் தேத்தண்ணி ஊற்றித் தருவாள், ஒரு சொல் தனியாகக் கதைக்க விடமாட்டார் என்று நினைத்துத் திரும்பி வருவேன். என்னைப் போல ஒரு விசரி இந்த ஊரில் அந்த நாட்களில் இருந்திருக்க மாட்டாள்.

ஒரு காலை, கந்தோரில் இருந்தபோது, நீலத்தில் மேல்வீட்டு அக்கா எழுதினார். 'அன்ரி, பிள்ளை மாடிக்கு வாறேல்ல. அவர் வெளியால பூட்டிப்போட்டுத்தான் வேலைக்குப் போறார். இப்பதான் ஜன்னலால கதைச்சனான். பயப்படாதீங்க, நான் பாக்கிறன்.'

அது அழியும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு லீவு சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன். பகல் பஸ் போய்விட்டது. இரவு பஸ்ஸுக்கு சீட் பிடித்துவிட்டு வீட்டுக்கு வந்து பையில் இரண்டு சேலையை அடைத்தேன். பின்னேரம் இவர் வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, இரண்டு பேருமாகப் போவது என்று முடிவெடுத்தேன். போனில் சார்ஜ் இல்லை. பிளக் பிரிட்ஜுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, அங்கேயே வைத்தேன்.

இவர் வந்து கை கழுவினார். எப்படித் தொடங்குவது என்று நான் சொல்லைத் தேடிக்கொண்டிருக்க, மச்சாளும் முன்வீட்டு அக்காவும் வந்து கதிரைகளில் இருந்துவிட்டார்கள். போன் அடித்தது. பச்சைதான். நான் பாய்ந்தேன், மச்சாள் முந்திவிட்டார். முழுச் சத்தம். பஸ் இரைகிற சத்தத்துக்கு மேலால் என் மகள் கத்திக் கதைத்தாள்.

"அம்மா, நான் பஸ்ஸில வந்துகொண்டிருக்கிறன். கந்தளாய் தாண்டிட்டன். மேல்வீட்டு அக்கா ஆளைக் கூட்டிவந்து பூட்டுடைச்சு விட்டவ. இதைப் பச்சையிலதான் அனுப்புறன், தெரிஞ்சுதான் அனுப்புறன். அவரும் லப்டொப்பில கேப்பார், கேக்கட்டும். பக்கத்து வீட்டு மாமி இருப்பா, முன்வீட்டு அக்கா இருப்பா, அப்பாவுக்கும் கேக்கட்டும் எண்டுதான் கத்திச் சொல்லுறன். அவர் என்னைப் பூட்டி வச்சவர். கையும் நீட்டினவர். நான் ஒரு பிழையும் செய்யேல்ல. இனி அவர் எடுத்து வேற கதை சொல்லுவார். அதுக்கு முதல் நீங்க எல்லாரும் என்ட வாயால கேளுங்கோ."

முடிந்தது. இவர் ஈரக் கையோடு நின்றார். "கை நீட்டினவனாமோ?" என்று என்னைக் கேட்டார். கண் கலங்கியிருந்தது. நான் மச்சாளைப் பார்த்தேன்.

"திரும்பப் போடுறன்" என்றார் மச்சாள். போட்டார். இரண்டாம் முறையும் முழுவதும் கேட்டோம். ஒழுங்கையில் போன யாரோ சைக்கிளை நிறுத்திவிட்டார்கள்.

அது முடிய முதலே கோல் வந்தது. மருமகன். நான் கை நீட்டினேன், மச்சாள் தரவில்லை. ஸ்பீக்கரைப் போட்டார்.

"மாமி, நீங்க ஒண்டுக்கும் பயப்பட வேணாம். சின்ன மனஸ்தாபம் ஒண்டு. உங்கட மகளின்ட குணம் உங்களுக்குத் தெரியும்தானே. ஊருக்குள்ள போனா அவவுக்குத்தான் கூடாது. இதை எங்களுக்குள்ள வச்சுக்கொள்ளுவம். நீங்க மட்டும் கொஞ்சம் தனியாப் போறீங்களோ? இல்லாட்டி அந்த நீல ஆப்புக்கு வாங்கோ, வடிவாக் கதைப்பம்."

தேன் மாதிரிக் குரல். மகள் முந்தியிருக்காவிட்டால் நானே தனியாகப் போயிருப்பேன்.

மச்சாள் போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். "தம்பி, கொஞ்சம் பலமாக் கதையும். பிள்ளையின்ட தகப்பனுக்குக் காது மந்தம். நாங்க எல்லாரும் இஞ்சதான் நிக்கிறம்."

கோல் கட்டாகிவிட்டது.

மச்சாள் போனைத் துடைத்துப் பிரிட்ஜுக்கு மேல் வைத்தார். "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்?" என்று என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார். "பிள்ளை இப்ப தம்பலகாமம் தாண்டியிருப்பாள். சேலையை மாத்து. எல்லாருமாப் போய் பஸ் ஸ்டாண்டில நிப்பம்."